பத்தொன்பது தீப்பெட்டிகள்

விமானம் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு தீப்பெட்டியின் லேபிளை ரசித்துக்கொண்டிருந்தேன்.

அருமையான அச்சு. மஞ்சள் பின்னணியில் நீல விமானம். அதற்குக் கீழே உழுத கரிசல் காடு. ஓரத்தில் ஒரு மயில். அந்த மயிலுக்கு அங்கே வேலையில்லை என்றாலும் பார்க்க நன்றாகவே இருந்தது. விமானத்தின் வாலில் பதிவு எழுத்துகள்கூடப் போட்டிருந்தார்கள். அதில் கடைசி எழுத்து தப்பு. உடனே பேனாவை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பெட்டியோடு அதே பையில் இருந்த கடலைமிட்டாயைத் தின்று முடித்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். உரசும் பட்டையில் மருந்து திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகப் படிந்திருந்தது. பிறகு காதருகே வைத்து ஆட்டினேன். கோவில்பட்டிக்காரன் எவனும் தீப்பெட்டியைக் கையில் வாங்கினால் ஆட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டான். குச்சிகள் நிறைவாகச் சத்தம் கொடுத்தன.

அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் இருப்பது விமானத்தில். கையில் இருப்பது தீப்பெட்டி. இந்த விமானத்தில் தீப்பெட்டி ஏறவே கூடாது என்று இந்த நிறுவனத்தின் கையேட்டில் ஒன்பதாம் அத்தியாயம் எழுதியவன் நான்.

எனக்கு மூன்று வரிசை முன்னால் அரசாங்கத்தின் இரண்டு ஆய்வாளர்கள், ஒரு பெண்ணும் ஓர் ஆணும், உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மடியிலும் ஆளுக்கொரு மிட்டாய்ப் பை, இன்னும் பிரிக்காமல்.

மூடிய கை

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வரி. விமான நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில், சென்னையில், முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தேன். யார் பறக்கலாம், யார் பறக்கக் கூடாது என்று குறிப்பு எழுதுவது வேலை. நான் பறந்தது விடுப்புச் சலுகையில் நான்கு முறை.

அந்த அலுவலகத்தில்தான் குருசாமியை முதன்முதலில் பார்த்தேன். இடைசெவல் பக்கத்துச் சிறு கிராமத்துக்காரர். பருத்தியும் கம்பும் போட்ட குடும்பம். லாரி வைத்து, புதியம்புத்தூரில் தைத்த சட்டைகளை வடக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தவர். ஒரு வருடம் வழியில் வெள்ளம் வந்து, தீபாவளிச் சட்டைகள் தீபாவளிக்கு மறுவாரம் கௌகாத்தி போய்ச் சேர்ந்தன. வேறொருவர் என்றால் லாரியை முன்கூட்டியே அனுப்பியிருப்பார். இவர் விமானம் வாங்கலாம் என்று முடிவு செய்தார்.

வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தார். ஒரே ஒரு கிழட்டுச் சரக்கு விமானம். இரண்டு தீபாவளி ஓடியது. மூன்றாவது வருடம் விமானத்தின் சொந்தக்காரர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விமானம் இல்லாதவருக்கு உரிமம் எதற்கு என்று ரத்துக் குறிப்பு எழுதினேன். மேலே போய்க் கையெழுத்தாகி, ஆணையும் போனது.

நான்காம் நாள் குருசாமி அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, மேசைமேல் இருந்த கண்ணாடி எடைக்கல்லை இழுப்பறைக்குள் வைத்தேன். அவர் ஆணையை என் முன்னால் விரித்தார்.

“சார், ரெண்டாவது பத்தியில தேதி மாறியிருக்கு பாருங்க.”

பார்த்தேன். மாறித்தான் இருந்தது. ஒரு கெட்டிக்கார வக்கீல் கையில் கிடைத்தால் அந்த ஒரு தேதியை வைத்து ஆணையையே ஆறு மாதம் நிறுத்திவைத்திருக்கலாம்.

“இதைச் சொல்லவா வந்தீங்க?”

“ஆமா சார். என்னைய மூடுததுதான் மூடுதீங்க, சரியா மூடிருங்க. நாளைக்கு எவனும் குருசாமி ஓட்டையில புகுந்து தப்பிச்சான்னு சொல்லக் கூடாதுலா.”

திருத்திக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, கதவருகே நின்று, புதிய நிறுவனத்துக்கான விண்ணப்பம் எந்த அறையில் கிடைக்கும் என்று கேட்டார். இரண்டாம் மாடி என்றேன். லிஃப்ட் பழுது. படியேறிப் போனார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

வேனில் போன முதலாளி

இரண்டாவது நிறுவனம் பயணிகளுக்கானது. விசிறி வைத்த இரண்டு சிறிய விமானங்கள். சின்ன ஊர்களை இணைப்பதாகத் திட்டம். நன்றாகவே ஓடியது. பிறகு கொரோனா வந்தது, ஊரோடு சேர்த்து அதையும் முடக்கியது.

மறுபடி பறக்கலாம் என்று அனுமதி வந்தபோது விமானம் இருந்தது, உதிரி பாகம் இல்லை. கடைசி நாளில் பதினோரு பேர் பெட்டியோடு வந்து நின்றார்கள். முதலாளிகள் இப்படிப்பட்ட நாட்களில் தொலைபேசியை அணைத்துவிட்டு, கவுண்டரில் ஒரு சின்னப் பெண்ணை நிறுத்திவைப்பார்கள் என்பது என் அனுபவம். அதுபற்றிப் பல கோப்புகள் பார்த்திருக்கிறேன். குருசாமி தானே கவுண்டருக்குள் போய் நின்றார்.

“நான்தான் இந்தக் கம்பெனி முதலாளி. பிளேன் இன்னைக்கு இல்ல, இனிமேலும் இல்ல. வேன் இருக்கு. நானும் கூட வாரேன். வழியில திட்டிக்கிட்டே போகலாம்.”

எட்டு மணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டே போயிருக்கிறார். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் பிறகு அவருடைய அடுத்த நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். இந்த மாதிரி விஷயங்களுக்கு எந்த விதிமுறைப் புத்தகத்திலும் விளக்கம் கிடையாது.

பத்தடி ஓடுபாதை

மூன்றாவது, விளாத்திகுளம் தாண்டி ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. ஓடுபாதை போட நிலம் பார்க்க வடக்கேயிருந்து ஒரு பொறியாளர் வந்தார். நல்ல கோடை. கரிசல் மண் பாறை மாதிரி இறுகி, பார்வை போகிற தூரம்வரை சமதளமாகக் கிடந்தது. இயற்கையே போட்டுவைத்த ஓடுபாதை என்று புகழ்ந்துவிட்டுப் போனார்.

குருசாமி அதைக் கேட்டுச் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நிலத்தின் நடுவில் பத்தடிக்குப் பத்தடி மட்டும் ஓடுபாதை போடச் சொன்னார். போட்டுவிட்டு மழைக்காகக் காத்திருந்தார். அக்கம்பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

“என்ன குருசாமி, குருவி எறங்குததுக்கா போட்டிருக்கீரு?”

“ஆமா மச்சான். குருவிக்கும் லைசென்ஸ் வாங்கணும்.”

ஐப்பசியில் மழை விழுந்தது. மண் தண்ணீர் குடித்து உப்பியது. அந்தப் பத்தடிச் சிமெண்டுத் தளம் ஒரு பக்கம் முழங்கால் உயரம் தூக்கி, நடுவில் இரண்டாகப் பிளந்தது. குருசாமி குடை பிடித்துக்கொண்டு போய் அளந்தார். அதற்குப் பிறகுதான் கரிசலை ஆழமாகத் தோண்டி எடுத்து, சரளை நிரப்பி, முழு ஓடுபாதை போட்டார். இன்றும் அதில் பிள்ளைகள் பறக்கப் பழகுகிறார்கள்.

ஊர் அவரை அவசரக்காரர் என்று சொல்லும். பத்தடிச் சிமெண்டுக்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்த அவசரக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் தொடங்கியதில் ஒழுங்காக நிலைத்தது அந்தப் பள்ளி ஒன்றுதான். அதனால் அதை விற்றார். நான்காவது நிறுவனம் தொடங்க வேண்டியிருந்தது.

திறக்கும் கை

நான் ஓய்வு பெற்றுக் கோவில்பட்டிக்குத் திரும்பியிருந்தேன். மாலையில் நடப்பது, பத்திரிகையில் எழுத்துப்பிழை கண்டுபிடித்து ஆசிரியருக்கு அட்டை எழுதுவது என்று வாழ்க்கை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

“அண்ணாச்சி, என்னைய மூடினது நீங்க. மூடத் தெரிஞ்சவருக்குத்தான் எங்கன பூட்டு இருக்குன்னு தெரியும். தொறந்து குடுங்க.”

அலுவலகத்தில் சார் என்றவர் ஊரில் அண்ணாச்சி என்றார். மறுக்க முடியவில்லை.

பத்தொன்பது இருக்கை விமானம். ஒன்றுதான். அந்த அளவு விமானத்தில் பணிப்பெண் கட்டாயமில்லை. நானே தேடிக் கொடுத்த விதி அது. கையேடுகள் எழுதினேன். ஆயிரத்துச் சொச்சம் பக்கம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் குருசாமி படித்தார். படித்தார் என்றால், உண்மையிலேயே படித்தார். என் பணிக்காலம் முழுவதும் தன் கையேட்டைத் தானே படித்த முதலாளி ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. கையெழுத்துப் போடும் பக்கம் எங்கே என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இவர், “நாலாம் அத்தியாயத்துல சொன்னதும் ஏழாம் அத்தியாயத்துல சொன்னதும் முட்டுதே அண்ணாச்சி” என்பார். முட்டத்தான் செய்யும்.

எல்லாப் படியும் தாண்டி, கடைசிப் படி மிஞ்சியது. ஆய்வாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சோதனைப் பறப்பு. தூத்துக்குடியிலிருந்து சென்னை. நிறுவனத்து ஆட்களே பயணிகளாக உட்கார வேண்டும். கையேட்டில் உள்ளபடி எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பார்கள். நடந்தால் உரிமம்.

அரசு தந்த தடையின்மைச் சான்று அந்த வெள்ளிக்கிழமை காலாவதி. ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்தாகிவிட்டது, மறுமுறைக்கு விதியில் இடமில்லை. பறப்பு நடந்தது புதன்கிழமை. அன்று தவறினால் முதல் படிவத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டு வருட உழைப்பும், பள்ளியை விற்று வாங்கிய அந்த ஒற்றை விமானமும் அந்த ஒரு பயணத்தின் மேல் நின்றன.

பெருமாள் மாமாவின் ஆசை

குருசாமியின் தாய்மாமன் பெருமாள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தவர். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவர் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் அதற்கென்று ஒரு லேபிள் அச்சடித்துத் தீப்பெட்டி போடுவார். மகள் கல்யாணத்துக்குத் தாமரை, பேரன் காதுகுத்துக்கு யானை. மற்றவர்களுக்கு அழைப்பிதழ் மாதிரி அவருக்குத் தீப்பெட்டி. மருமகன் விமானம் விடுகிறான் என்றால் சும்மா இருப்பாரா?

மிட்டாய்ப் பைகளை நான் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கடலைமிட்டாய்க்கு மேல் ஆளுக்கொரு பெட்டி. யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் பிரித்துப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கமாட்டேன்.

விமானத்தில் ஏறும் தின்பண்டத்தை நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்பு ஊழியர் பிரித்துச் சோதித்து முத்திரை வைக்க வேண்டும். அதுவும் என் கையேட்டில் உண்டு. வைத்தவர் மாரியப்பன், நம்மூர்க்காரர். அவர் பைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். தீப்பெட்டியையும் பார்த்திருக்கிறார்.

உடனே என்றால்

குருசாமி எனக்கு முன் வரிசையில் இருந்தார். தோளைத் தொட்டு, உள்ளங்கைக்குள் வைத்துக் காட்டினேன். பார்த்தார். அவரும் முதலில் லேபிளைத்தான் பார்த்தார் என்று சத்தியம் செய்வேன். பிறகு முகம் மாறியது.

எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எல்லாப் பையிலயும் இருக்கா?”

“இருக்கும் போல. மாமா வேலை.”

தலையை உயர்த்தி ஆய்வாளர்கள் பக்கம் பார்த்தார். நான்தான் முதலில் பேசினேன். அன்று நான் சொன்னதை இங்கே மாற்றாமல் எழுதுகிறேன்.

“தம்பி, இன்னும் அம்பது நிமிஷம். யாரும் பத்த வைக்கப் போறதில்ல. அந்த அம்மா பையைப் பிரிக்கல. எறங்கும்போது, பை மாறிப்போச்சுன்னு சொல்லி எல்லாத்தையும் நானே வாங்கிருதேன்.”

“மேனுவல்ல என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?”

கையிலிருந்த பெட்டியைத் திருப்பி மயிலைப் பார்த்தேன்.

“சொல்லுங்க. நீங்க எழுதினதுதான?”

“விமானிக்கு உடனே தெரிவிக்கணும்.”

“உடனேன்னா?”

“உடனேதான்.”

“அப்ப நாம இங்கன உக்காந்து பேசிக்கிட்டிருக்கதே தப்பு.”

“தம்பி, வெள்ளிக்கிழமை.”

“தெரியும் அண்ணாச்சி. அந்தப் புத்தகத்துல உங்க பேரு இல்ல, எம்பேருலா இருக்கு. கையெழுத்துப் போட்டதுக்குப் பொறவு, எனக்குத் தோதா இருக்க பக்கத்த மட்டும் படிக்க முடியுமா?”

எழுந்தார். அந்தச் சின்ன விமானத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. குனிந்தபடியே முன்னால் போய், விமானியின் தோளுக்குப் பின்னால் மண்டியிட்டுச் சொன்னார். விமானி திரும்பிப் பார்க்காமல் ஒரே கேள்வி கேட்டார்: மொத்தம் எத்தனை? பத்தொன்பதும் கைக்கு வந்தால் சென்னை, ஒன்று குறைந்தாலும் திருச்சியில் இறங்கித் தேடல் என்று முடிவாகச் சொன்னார்.

குருசாமி ஒரு பாலித்தீன் பையோடு வரிசை வரிசையாக வந்தார். முதலில் அந்தப் பெண் ஆய்வாளரிடம் நின்றார்.

“மேடம், உங்க பையில ஒரு தீப்பெட்டி இருக்கு. எங்க தப்பு. எடுத்துக் குடுத்திருங்க.”

அவர் பையைப் பிரித்தார். பெட்டியை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கொடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதிக்கொண்டார்.

பதினெட்டு வந்தது. குருசாமி மறுபடி எண்ணினார். பதினெட்டுதான். பயணியாக உட்கார்ந்திருந்த மாரியப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

“ஏலே மாரி. எடு.”

மாரியப்பன் டிபன் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சாதத்துக்கு மேல் இலை, இலைக்கு மேல் தீப்பெட்டி.

“அண்ணாச்சி, லேபிள மட்டும் பிச்சு வச்சிக்கிடட்டா? எம்மவ லேபிள் சேத்து வைக்கா.”

“குடுலே.”

ஆய்வாளர் திரும்பினார். “நீங்கள்தானே பைகளைச் சோதித்தது?”

“ஆமா மேடம்.”

“இதைப் பார்க்கவில்லையா?”

“பாத்தேன் மேடம்.”

“பார்த்துமா ஏற்றினீர்கள்?”

மாரியப்பன் உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தார். “தீப்பெட்டிதான மேடம்” என்றார்.

ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிக்கத் தகுதியில்லை. பதிவு எழுத்தில் பிழை கண்டுபிடித்தவனுக்கும் அதுவரை அது வெறும் தீப்பெட்டியாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து சட்டைப்பையில், அலமாரியில், கல்யாணத் தாம்பூலத்தில் பார்த்த பொருள். அதை ஆபத்தான பொருள் என்று தாளில் எழுத எங்களுக்குத் தெரியும். கண்ணால் அப்படிப் பார்க்கத் தெரியவில்லை.

கட்டம் இல்லாத படிவம்

சென்னையில் இறங்கினோம். ஆய்வாளர் ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். நாங்கள் நின்றோம். அவசரகால ஒத்திகை, எரிபொருள் கணக்கு, எடைச் சீட்டு, எல்லாம் திருப்தி. கடைசி வரிக்கு வந்து பேனாவை நிறுத்தினார்.

“நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.”

“தெரிஞ்சிருக்காது மேடம்.”

“அதை எழுத இந்தப் படிவத்தில் இடமில்லை.”

இல்லைதான். பல வருடங்களுக்கு முன் அந்தப் படிவத்தைத் திருத்திய குழுவில் நானும் இருந்தேன். ‘பிற குறிப்புகள்’ என்று ஒரு பெரிய கட்டம் இருந்தது. ஆய்வாளர்கள் அதில் கதை எழுதுகிறார்கள் என்று சொல்லி, அதை எடுக்க வைத்தவன் நான்.

தடைசெய்யப்பட்ட பொருள் விமானத்தில் இருந்தது: ஆம். பறப்பு: திருப்தியில்லை. திருத்த நடவடிக்கை ஏற்கப்பட்ட பிறகே மறுபறப்பு. அதற்குக் குறைந்தது பத்து நாள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள். அவர் கையெழுத்துப் போட்டு, நகலைக் கிழித்துக் கொடுத்து, எழுந்து நின்றார். போகாமல் ஒரு கணம் நின்று, குருசாமியைப் பார்த்துக் கைகூப்பினார். என் பணிக்காலத்தில் எந்த ஆய்வாளரும் யாரையும் பார்த்து அப்படிச் செய்ததில்லை. அதற்கும் படிவத்தில் கட்டம் கிடையாது.

குருசாமி நகலை ஒரு முறை முழுக்கப் படித்தார். தேதியைச் சரிபார்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

“புது விண்ணப்பம் என்னைக்கிலருந்து போடலாம் அண்ணாச்சி?”

“பழசு வெள்ளியோட முடியும். சனி, ஞாயிறு லீவு. திங்கள்ல இருந்து.”

“சரி. ஒன்பதாம் அத்தியாயத்துல ஒண்ணு சேக்கணும். நம்ம ஊர்க்காரன் சோதிச்சா, வெளியூர்க்காரன் ஒருத்தன் மறுபடி சோதிக்கணும்னு.”

நான் தலையாட்டினேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அப்போது அவர் தொலைபேசி அடித்தது. பெருமாள் மாமா. காது மந்தமாகி வந்த காலம், அதனால் கத்திப் பேசுவார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

“மாப்ளே, எறங்கிட்டியளா? பையப் பிரிச்சாவளா? லேபிளு எப்படி இருந்துச்சாம்?”

மாரியப்பன் தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். குருசாமி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நல்லாருந்துச்சு மாமா. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் எடுத்துப் பாத்தாவ. அந்தப் பெரிய ஆபீசர் அம்மாகூட முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பாத்தாவ மாமா.”